எள் விழ இடமில்லாத திடல்

தமிழ்ப்பள்ளி மாணவர்களின் கட்டுரை ஏடுகளில் ஒரு காற்பந்துப் போட்டி ஆண்டுதோறும் நடந்துகொண்டே இருக்கிறது. அது எந்த ஊர்த் திடலில் நடந்தது என்பது எவருக்கும் தெரியாது. ஆயினும் அதன் போக்கு எல்லாருக்கும் மனப்பாடம். அன்று வானம் தெளிவாக இருக்கும். திடலில் எள் விழவும் இடமிராது. நடுவர் ஊதலை ஊதியதும் ஆட்டம் சூடு பிடிக்கும். முற்பாதியில் எதிரணி ஒரு கோல் போடும். பிற்பாதியில் சொந்த அணி அதைச் சமன் செய்யும். ஆட்டம் முடியச் சில நொடிகளே இருக்கையில் வெற்றிக் கோல் விழும். இரசிகர்களின் கரவொலி வானைப் பிளக்கும். சிறப்பு விருந்தினர் கிண்ணத்தை எடுத்து வழங்குவார். அப்போட்டி பசுமரத்தாணி போல் நெஞ்சில் பதிந்துவிட்டது என்று எழுதி மாணவன் பேனாவை மூடுவான். ஆணி ஒன்றேதான்; அதைப் பிடுங்கிப் பிடுங்கி ஆயிரம் பிள்ளைகளின் ஏட்டில் அறைந்து வருகிறார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதும் பிள்ளை யோங் பெங்கில் இருக்கலாம், லாபிசில் இருக்கலாம், குளுவாங்கில் இருக்கலாம். எங்கிருந்தாலும் அவன் கையில் இருப்பது அதே மாதிரிக் கட்டுரை நூல்தான். அவன் வீட்டுத் திண்ணையிலோ அடுக்குமாடிக் கூடத்திலோ உட்கார்ந்திருக்கும் தாத்தாவிடம் மட்டும் வேறொரு போட்டி இருக்கிறது. அது உண்மையில் நடந்த போட்டி. அதைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டும் என்று பள்ளிக்கூடம் ஒருநாளும் அவனுக்குச் சொன்னதில்லை. கேட்டு எழுதினாலும் மதிப்பெண் கிடைப்பதில்லை. இது சிறிய குறை அன்று. ஒரு தலைமுறையின் நினைவைத் தமிழாசிரியர்களே முன்னின்று துடைத்தெறியும் செயல் இது.

யோங் பெங், ஜொகூர் மாநிலத்தில் பத்து பகாட் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். கோலாலம்பூரையும் ஜொகூர் பாருவையும் இணைத்த பழைய நெடுஞ்சாலையின் மேலேயே அமைந்தது. 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படும்வரை பேருந்துகளும் சரக்குந்துகளும் ஊருக்குள் புகுந்துதான் சென்றன. பயணிகள் இறங்குவர், காப்பி குடிப்பர், மீன் உருண்டை உண்பர், மீண்டும் ஏறிப் போவர். தலைநகரில் காற்பந்தாட்டம் பார்த்துவிட்டுத் தெற்கே திரும்பியவர்களும் அந்தக் கடைகளில்தான் கால் ஆறினர். நாளிதழ் வந்து சேருமுன் நள்ளிரவிலேயே ஆட்டத்தின் முடிவு ஊருக்கு வந்துவிடும் என்பர் பழையவர்கள். கடைக்காரர் சீனர். பக்கத்து மேசையில் கம்பத்து மலாய்க்காரர். சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து மிதிவண்டியில் வந்திறங்கியவர் தமிழர். எல்லாருக்கும் ஒரே வானொலிப் பெட்டி.

அந்தத் தலைமுறையைச் சேர்ந்த முதியவர்களை உட்காரவைத்து ஒரு போட்டியைப் பற்றிக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆட்ட விவரம் கடைசியில்தான் வரும். முதலில் வருவன வேறு. வானொலியின் மின்கலம் செத்துப்போயிருந்தது. காலையில் பால்மரம் வெட்டிவிட்டு வந்ததும் அதை எடுத்து வெயிலில் காய வைத்தது. மாலையில் முற்பாதி வரைக்கும் அது தாங்கியது. தொலைக்காட்சிப் பெட்டி கிராணியார் வீட்டில் மட்டும் இருந்தது. உள்ளே போக முடியாது. சன்னலுக்கு வெளியே ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிப் பார்த்தது. தாம் பார்த்தால் மலேசியா தோற்றுவிடும் என்று உறுதியாக நம்பிய ஒருவர், நாட்டுப்பற்றின் காரணமாகவே கடைக்குப் பின்புறம் போய் நின்றுகொண்டு, ‘என்ன ஆச்சு, என்ன ஆச்சு’ என்று சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. இவைதாம் அவர்கள் நினைவில் நிற்கின்றன.

இத்தகைய வரி ஒன்று தப்பித் தவறி மாணவனின் ஏட்டில் ஏறிவிட்டால் என்ன நிகழ்கிறது? சிவப்பு மை அதைச் சுழிக்கிறது. ‘தலைப்புக்குத் தொடர்பில்லை’ என்று ஓரத்தில் எழுதுகிறது. மின்கலத்தை வெயிலில் வைத்தது தொடர்பற்றது. எவரும் காணாத எள் தொடர்புடையது. இந்த அளவுகோலைத் தமிழாசிரியர்கள் எங்கிருந்து பெற்றார்கள்?

இலக்கியத்திலிருந்து பெற்றதாகச் சொல்ல முடியாது. தமிழிலக்கியம் இதற்கு நேர்மாறான சான்றைத் தருகிறது. புறநானூற்றில் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன் செய்த மற்போரைப் பற்றிப் பாடல்கள் உள்ளன. ஆமூர் மல்லனை அவன் எவ்வாறு வீழ்த்தினான் என்பதைச் சாத்தந்தையார் பாடுகிறார். பிடி இது, கால் அது என்று அருகிலிருந்து பார்த்தவரைப் போல் பாடுகிறார். அவன் தந்தை தித்தன் இந்தக் காட்சியைக் காண வேண்டும் என்ற ஏக்கத்தையும் இடையில் வைக்கிறார். அதனினும் அரியது பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரின் 85ஆம் பாட்டு. அவர் அந்த வீரன்மீது காதல் கொண்டவர். ஊரில் ஒரு சாரார் வெற்றி அவனுக்கே என்கின்றனர். மற்றொரு சாரார் இல்லை என்கின்றனர். அவரால் பொறுக்க முடியவில்லை. காற்சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், தம் வீட்டுப் பனைமரத்தின் பருத்த அடியில் சாய்ந்து நின்று, அவன் வெல்வதைத் தாமே கண்டதாகச் சொல்கிறார். பாட்டு அதோடு முடிகிறது.

இந்தப் பாட்டில் மற்போரின் பிடிகள் இல்லை. கூட்டத்தின் அளவு இல்லை. பரிசளிப்பு இல்லை. ஓடும்போது ஒலித்த சிலம்பும் சாய்ந்து நின்ற பனைமரமும், வெற்றி யாருக்கு என்று ஊர் இரண்டுபட்ட பேச்சும்தான் இருக்கின்றன. தமிழில் எஞ்சியுள்ள மிகப் பழைய விளையாட்டு இரசிகை ஒருத்தியின் குறிப்பு இது எனலாம். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு கடந்தும் அது வாழ்வதற்குக் காரணம் அந்தப் பனைமரமே அன்றி வேறில்லை. நக்கண்ணையார் இன்று ஆறாம் ஆண்டு மாணவியாக இருந்து இதைக் கட்டுரை ஏட்டில் எழுதியிருந்தால், பனைமரம் சிவப்பு மையில் மூழ்கியிருக்கும். போட்டியின் நாள், இடம், பங்கேற்ற அணிகள் ஆகியவற்றைக் குறிப்பிடவில்லை என்று மதிப்பெண்ணும் குறைந்திருக்கும்.

கலித்தொகையின் முல்லைக்கலியும் அவ்வாறே. ஏறு தழுவும் களத்தைத் தோழி தலைவிக்குக் காட்டிக் காட்டிச் சொல்லும் முறையில் பாடல்கள் அமைந்துள்ளன. அந்தக் காளையின் நிறத்தைப் பார், இந்தப் பொதுவன் பாய்வதைப் பார் என்று அவள் பேசிக்கொண்டே போகிறாள். பார்ப்பவளின் கண்ணும் வாயுமே பாட்டு. பல்கலைக்கழகத்தில் இவற்றைப் படித்துப் பட்டம் பெற்றவர்கள் வகுப்பறைக்குள் வந்ததும் எள்ளைத் தேடுகிறார்கள்.

தோட்ட வாழ்க்கையிலிருந்து எழுந்த உரைநடைக்கு வெளியுலகில் சான்று வேண்டுமென்றாலும் உண்டு. கரிபியக் கடலில் திரினிடாட் என்றொரு தீவு. கரும்புத் தோட்டங்களின் தீவு. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் தீவு. அங்கே பிறந்த சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் ‘பியாண்ட் எ பவுண்டரி’ என்ற நூலை வெளியிட்டார். அவரும் பள்ளியாசிரியராக இருந்தவர். அரசியலும் குடியேற்ற ஆட்சியும் இனப் பாகுபாடும் பேசும் பெரிய நூல் அது. ஆனால் அது தொடங்குவது ஒரு சன்னலில். துனாபுனா என்ற சிற்றூரில் அவர் வீட்டு அறையின் சன்னல் கிரிக்கெட் திடலைப் பார்த்திருந்தது. ஆறு வயதுச் சிறுவன் நாற்காலிமேல் ஏறி நின்று ஆட்டம் பார்க்கிறான். பக்கத்து வீட்டில் மேத்யூ போண்ட்மன் என்றொருவன், வேலைவெட்டி இல்லாதவன், அழுக்கானவன், வாயைத் திறந்தால் வசை. அவன் மட்டையை எடுத்து ஆடும்போது மட்டும் ஊரே வாய்மூடிப் பார்க்கும். அந்த ஒருவனை வைத்துக்கொண்டு ஜேம்ஸ் ஒரு சமுதாயத்தையே எழுதினார். யோங் பெங் வட்டாரத் தோட்டங்களில் அத்தகைய மேத்யூக்கள் இல்லாமலா போனார்கள்? லயத்துக்கு ஒருவர் இருந்தனர். சன்னலும் இருந்தது, கிராணியார் வீட்டுச் சன்னல். எழுதும் கைதான் வேறு வேலையாக இருந்தது.

வேறு வேலை யாதெனின், பால்மரத்தின் கண்ணீரை எழுதும் வேலை. அது எழுதப்பட வேண்டியதே, மறுப்பதற்கில்லை. அட்டைக்கடியும் அரை வயிற்றுக் கஞ்சியும் கங்காணியின் பிரம்பும் நடந்தவை. ஆனால் மலேசியத் தமிழ்க் கதைகளைப் படிப்பவருக்குத் தோட்டத்தில் மாலை நேரம் என்று ஒன்று இருந்ததா என்ற ஐயமே எழும். விடியற்காலையில் பிரட்டுக் களம் இருக்கிறது. நண்பகலில் பால் நிறுவை இருக்கிறது. இரவில் கள்ளுக்கடைச் சண்டை இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குத் தோட்டத்துத் திடலில் வெறுங்காலுடன் பந்தை உதைத்த இருபத்திரண்டு பேரும், வேலியோரம் நின்று அவர்களை அதட்டிய இருநூறு பேரும் பெரும்பாலும் காணாமற் போய்விட்டனர். அவர்கள் மகிழ்ச்சியாக இருந்தது குற்றமா? துயரப்படும்போது மட்டுமே பாட்டாளி இலக்கியத்துக்குத் தகுதி பெறுகிறான் என்பது அவனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இதற்கு மறுமொழியாக ஆசிரியர்கள் ஒன்றைக் காட்டுவர். விளையாட்டைத் தமிழ்ப்பள்ளி புறக்கணிக்கவில்லை. ‘விளையாட்டுத் துறையில் இந்தியர்களின் சாதனை’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதப்படுகிறது. பேச்சுப் போட்டியும் நடக்கிறது என்பர். உண்மை. அந்தக் கட்டுரை ஒரு பட்டியல். மணி ஜெகதீசன், மயில்வாகனம் ராஜாமணி, பஞ்ச் குணாளன், ஆறுமுகம், சரவணன் என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு பதக்கம் தொங்கும். கல்லறைத் தோட்டத்துப் பெயர்ப் பலகைகளும் இவ்வாறே நிற்கின்றன.

இரசிகனிடம் அதே பெயர்களைச் சொன்னால் நடப்பது வேறு. ஜெகதீசன் என்றதும் அவன் 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டின் மூன்று தங்கங்களோடு நிறுத்திக்கொள்ள மாட்டான். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில், 200 மீட்டர் அரையிறுதியில் அந்த மருத்துவர் ஓடிய 20.92 நொடி என்ற எண்ணுக்கு அவன் வருவான். அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நின்றது. 2017இல் கைருல் ஹபிஸ் ஜந்தான் அதை முறியடித்தபோது அவர் ஓடியது 20.90 நொடி. வேறுபாடு நொடியில் நூறில் இரண்டு பங்கு. கண் இமைக்கும் நேரம்கூட அதைவிட நீண்டது. அரை நூற்றாண்டுக் காலம் ஒவ்வோர் ஓட்டப் போட்டி முடிந்ததும் நாளிதழை விரித்து, ‘இன்றும் நிற்கிறது’ என்று சொல்லிச் சொல்லி முதுமையடைந்த இரசிகர்கள் உண்டு. அந்த எண் வீழ்ந்த நாளில் அவர்கள் துயரப்பட்டார்களா, நிம்மதி அடைந்தார்களா? பட்டியலிடம் இதற்கு விடை இல்லை.

ராஜாமணி 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர். 1966இல் பாங்காக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர். பெண்பிள்ளை அரைக்கால் சட்டையணிந்து ஓடுவதா என்று தோட்டத்துப் பாட்டிகள் மோவாயில் கை வைத்த காலம் அது. அந்தப் பாட்டிகளின் பேரப்பெண்கள் மறுநாள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லயத்தைச் சுற்றி ஓடினார்களா என்று எவரேனும் கேட்டு எழுதியதுண்டா?

சரவணனின் கதை இன்னும் சுவையானது. 1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் கோவிந்தசாமி சரவணன் 50 கிலோமீட்டர் வேகநடைப் போட்டியில் தங்கம் வென்றார். நான்கு மணி நேரத்துக்கும் மேலாக நடந்து வென்றார். வேகநடையின் விதி விந்தையானது. எப்பொழுதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன் வைக்கும் காலின் முழங்கால் மடங்கக் கூடாது. அதனால் இடுப்பு அப்படியும் இப்படியும் ஆடும். முதன்முதலாகப் பார்ப்பவர் சிரிக்காமல் இருக்க முடியாது. அந்த ஆண்டு தமிழ்ப்பிள்ளைகள் பள்ளி நடைபாதைகளில் எல்லாம் இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்து காட்டியதையும், ஆசிரியர்கள் அதட்டியதையும் அன்று படித்தவர்களைக் கேட்டால் சொல்வர். நாற்பது வயதை நெருங்கும் ஒருவர் அதை எழுந்து நடந்து காட்டும்போது முகத்தில் வரும் பெருமை எந்தப் பட்டியலிலும் வராது. கேலியில் தொடங்கிய பெருமை அது. பிள்ளைகளின் பெருமை பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறது.

குணாளனைப் பற்றி இரசிகர்களிடையே சண்டையே உண்டு. 1971இல் இங் பூன் பீயுடன் அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டம், 1974இல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் விளையாட்டில் ஒற்றையர் தங்கம் என்பவை ஒருபுறம். 2006இல் உலகப் பூப்பந்து பழைய புள்ளிமுறையைக் கைவிட்டு 21 புள்ளி முறைக்கு மாறியபோது அந்த மாற்றத்துக்கு முன்னின்றவரும் அவரே. பந்தைத் தொடங்கி வைப்பவருக்கு மட்டுமே புள்ளி என்ற பழைய முறையில் ஊறியவர்கள் அவரைக் கொண்டாடிய வாயாலேயே அந்த மாற்றத்தைக் குறைகூறுவர். தாம் நேசிக்கும் ஒருவரோடு இப்படிப் பல்லாண்டு வாதாடுவது அல்லவா இரசிகனின் இலக்கணம்! மாணவர்க்கு வாதக் கட்டுரை எழுதப் பயிற்சி கொடுக்க இதைவிட நல்ல பொருள் ஏது? ‘தொலைக்காட்சியால் நன்மையா தீமையா’ என்ற உளுத்துப்போன தலைப்பை இன்னும் எத்தனை ஆண்டு உருட்டுவது?

ஆறுமுகத்தின் கதை தமிழெழுத்துக்குத் தலைகுனிவைத் தருவது. நெடிய கைகளால் பந்தைப் பிடித்த அந்தக் கோல் காவலரை நாடே ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைத்தது. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென்கொரியாவை 2-1 என்ற கோல் கணக்கில் வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. ஜேம்ஸ் வோங் அடித்த வெற்றிக் கோலை நேரில் கண்டதாகச் சொல்வோரை எல்லாம் கூட்டினால் மெர்டேக்கா அரங்கு மூன்று வேண்டும். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. வென்றவர்கள் போகவில்லை. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் மாண்டார்.

வெற்றி, இழப்பு, இளவயதுச் சாவு; புதினத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தப் புதினத்தைத் தமிழெழுத்தாளர் எழுதவில்லை. 2016இல் சியூ கெங் குவான் என்ற சீன இயக்குநர்தாம் ‘ஓலா போலா’ என்ற திரைப்படமாக அந்த அணியின் கதையைத் தழுவி எடுத்தார். மூவினத்தாரும் திரையரங்கில் கண்ணீர் விட்டனர். படத்தில் கோல் காவலருக்கு முத்துக்குமார் என்று பெயர். கதைக்காக இயக்குநர் பெயர் மாற்றியது அவர் உரிமை. அதில் பிழை காண முடியாது. ஆனால் இன்று தமிழ்ப்பிள்ளைகளைக் கேட்டால் பலர் முத்து என்கின்றனர்; ஆறுமுகம் என்று சொல்வோர் சிலரே. ஒரு தமிழரின் பெயரைத் தமிழ்ப்பிள்ளை அறியாமல் போனதற்கு இயக்குநரா பொறுப்பு? முப்பத்தைந்து ஆண்டு வாய்மூடி இருந்தவர்கள் பொறுப்பு.

இரசிகனின் நினைவு பிழைபடக்கூடியது; அதை எப்படி நம்பி எழுதச் சொல்வது என்று கேட்போரும் உண்டு. கேள்வி நியாயமானதே. தாத்தா நிச்சயமாகப் பிழையாகச் சொல்வார். இரண்டு கோலை நான்காக்குவார். வானொலியில் கேட்டதைக் கண்ணால் கண்டதாகச் சொல்வார். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா அமெரிக்காவை 3-0 என்று வென்றதை நினைவில் வைத்திருப்பார். அதே ஒலிம்பிக்கில் மொரோக்கோவிடம் 6-0 என்று தோற்றதை வசதியாக மறந்திருப்பார். அங்கேதான் ஆசிரியரின் பணி தொடங்குகிறது. கேட்டதைக் கேட்டபடி எழுது; பிறகு நூலகத்துக்குப் போய்ச் சரிபார்; தாத்தா எங்கே தவறினார், ஏன் தவறியிருப்பார் என்று அடுத்த பத்தியில் எழுது என்று மாணவனுக்குச் சொல்லலாம். வரலாறு என்பது யாது, சான்று என்பது யாது என்று அப்பொழுதே அவனுக்கு விளங்கத் தொடங்கும். எள் கட்டுரையில் சரிபார்க்க எதுவுமே இல்லை. நடக்காத ஆட்டத்தில் பிழை எப்படி இருக்கும்?

தேர்வு என்ற கேடயமும் பழையதாகிவிட்டது. ஆரம்பப்பள்ளியின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. மாதிரிக் கட்டுரை நீக்கப்படவில்லை. சிறை திறந்த பிறகும் கைதி வெளியே வர மறுக்கும் கதை இது. ஆசிரியப் பயிற்சியில் ‘அனுபவக் கட்டுரை’ என்று ஒரு பிரிவே கற்பிக்கப்படுகிறது. பயிற்சி பெற்று வந்த இளம் ஆசிரியர்கள் முதல் ஆண்டில் ஆர்வத்தோடு பிள்ளைகளைச் சொந்தமாக எழுதச் சொல்கின்றனர். மூன்றாம் ஆண்டில் அவர்கள் கையிலும் அச்சிட்ட மாதிரி வந்துவிடுகிறது. திருத்துவதற்கு அதுவே எளிது. நாற்பது ஏட்டிலும் ஒரே கோல் விழுந்தால் எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை இல்லை அல்லவா?

தமிழ்ப்பள்ளியின் விளையாட்டு நாளே நகைச்சுவைக் களஞ்சியம். இல்லங்களுக்குப் புலவர்களின் பெயர் வைப்பது பல பள்ளிகளில் வழக்கம். வள்ளுவர் நீலம், கம்பர் சிவப்பு, பாரதி மஞ்சள் என்று நிறம் பிரிப்பர். அஞ்சல் ஓட்டத்தில் கம்பர் கோலைத் தவறவிடுவார். வள்ளுவர் குறுக்கே விழுவார். ஔவையார் முந்திப் போய்விடுவார். ஒலிபெருக்கியில், ‘கம்பர் கடைசி’ என்று அறிவிப்பதைக் கேட்டு முகம் சுளிக்கும் தமிழாசிரியரைக் காணக் கண்கோடி வேண்டும். இதையெல்லாம் பிள்ளைகள் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கின்றனர். ஏட்டில் மட்டும், ‘எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டி மிகச் சிறப்பாக நடந்தேறியது’ என்று எழுதுகின்றனர். வாய்மொழியில் உயிரோடு இருக்கும் பிள்ளை எழுத்தில் ஏன் செத்துப்போகிறது?

காலம் நிறைய இல்லை. ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாயின. சில வீடமைப்புத் திட்டங்களாயின. மக்கள் பட்டணத்துக்குச் சிதறினர். லயம் போனபோது திடலும் போனது. கோல் கம்பம் நட்ட இடத்தில் செம்பனை நிற்கிறது. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோனது. ஞாயிறுதோறும் விளையாட்டுப் பக்கத்தை வெட்டி அரிசி மாவுப் பசையால் ஏட்டில் ஒட்டி வைத்தவர்களின் ஏடுகள் வீடு மாறும்போது பழைய தாளோடு போயின. 1975இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று எழுபது கடந்துவிட்டது.

1975ஐக் குறிப்பிடக் காரணம் உண்டு. அந்த மார்ச் மாதத்தில் உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. ஸ்ரீ சண்முகநாதனின் தலைமையில் ஆடிய மலேசியா, உலகக் கிண்ணத்தைக் கையில் வைத்திருந்த நெதர்லாந்தை வீழ்த்தி அரையிறுதிக்கு வந்தது. அரையிறுதியில் எதிரே நின்றது இந்தியா. மலேசியா 2-1 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் இந்தியா அஸ்லாம் ஷேர் கானைக் களத்தில் இறக்கியது. அவர் கழுத்திலிருந்த தாயத்தை எடுத்து முத்தமிட்டுவிட்டு, பெனால்டி கார்னரில் பந்தை அடித்தார். ஆட்டம் சமமானது. கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் கோல் போட, இந்தியா 3-2 என்று வென்றது. பிறகு பாகிஸ்தானையும் வென்று கிண்ணத்தைக் கொண்டு போனது. மலேசியாவுக்கு நான்காம் இடம். உலகக் கிண்ண ஹாக்கியில் அதைவிட மேலான இடத்தை மலேசியா அதன்பின் எட்டியதில்லை.

குடியுரிமை கிடைத்துப் பல ஆண்டாகியும், சுவரில் காந்தியின் படம் தொங்கிய வீடுகள் அவை. பேரன் மலேசியக் கொடியை வரைந்துகொண்டிருந்தான். பாட்டனாருக்கு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியது நேற்றுப்போல் இருந்தது. களத்தில் மலேசிய அணியின் தலைவர் பெயர் சண்முகநாதன். அந்தத் தாயத்தை அவர் முத்தமிட்ட நொடியில், யோங் பெங் காப்பிக் கடையில் சீன முதலாளிக்கும் மலாய் நண்பருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த தமிழரின் நெஞ்சு எந்தப் பக்கம் சாய்ந்தது? கோல் விழுந்ததும் அவர் கை தட்டினாரா? தட்டப்போய் நிறுத்திக்கொண்டாரா? வீடு திரும்பும் வழியில் மிதிவண்டியில் என்ன எண்ணிக்கொண்டு போனார்?

குடியேறிய மக்களின் மனம் எந்த நாளில் எந்த மண்ணைச் சேர்ந்தது என்பதை ஆராய்ச்சியாளர் தடித்த நூல்களில் தேடுகின்றனர். அது அந்தக் காப்பிக் கடையில், அந்த ஒரு நொடியில் இருந்தது. கடையில் இருந்தவர்களில் சிலர் இன்னும் இருக்கின்றனர். அவர்களின் கொள்ளுப்பேரர்களுக்கு 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சுவர்ப்பந்தாட்டத் தங்கம் வென்ற சிவசங்கரியையும், 2025இல் உலகப் பூப்பந்துப் போட்டியின் மகளிர் இரட்டையர் இறுதிவரை சென்ற தீனாவையும் தெரியும். அவர்களிடம் இப்படிப்பட்ட இரண்டக மனம் இருக்காது. கொள்ளுத்தாத்தாவுக்கு இருந்தது என்றால் வியந்து போவர்.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு முன், யோங் பெங்கிலோ வேறு எந்த ஊரிலோ, ஓர் ஆசிரியர் காற்பந்துக் கட்டுரையைக் கொடுக்காமல் ஒரு கேள்வியைக் கொடுத்தனுப்பட்டும். ‘தாத்தா, அன்றைக்கு நீங்கள் எந்தப் பக்கம் கை தட்டினீர்கள்?’ பெரியவர் உடனே விடை சொல்ல மாட்டார். வெற்றிலையை மடிப்பார், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், மின்கலத்தை வெயிலில் வைத்த கதையிலிருந்து தொடங்குவார். பிள்ளை அதையும் எழுதிக்கொள்ளட்டும்.